சக்கரத்தின் பாரமும் சவாரியின் சுகமும்

பழைய மாணவன் ஒருவன்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதி அனுப்புமாறு மலர்க் குழுவினர் பணித்தபொழுது, எப்பொருள் பற்றி எழுதுவது என்று யான் பல நாள் எண்ணமிட்டேன். கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும், ஆசிரியப் பெருமக்களின் தொண்டு, சமயமும் தமிழும் இங்கு தழைத்த வரலாறு ஆகியவற்றை என்னினும் வல்லார் எழுதுவர். கல்லூரியை விட்டு மலைநாடு சென்று, தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களோடும் தோட்டத்து வண்டிகளோடும் காலங் கழித்த ஒருவனுக்கு எழுதத்தக்க பொருள் யாது? வண்டிச் சக்கரமே என்று துணிந்தேன். பெரியோர் நகையாது பொறுத்தருள்க.

அளவு கடந்து ஏற்றினால் மயிற்பீலி கொண்ட வண்டிக்கும் அச்சு முறியும் என்று வள்ளுவப் பெருந்தகையார் அறிவுறுத்தினார். அது வண்டியின் மேலே ஏற்றும் பாரத்தைப் பற்றிய அறிவுரை. யான் இங்கு கூறப் புகுவது வண்டியின் கீழே, சக்கரத்தோடும் அச்சோடும் கிடக்கும் பாரத்தைப் பற்றியதாகும். மேலுள்ள பாரத்தை எல்லோரும் காண்பர். கீழுள்ள பாரத்தைக் கருதுவோர் சிலரே. ஆயினும் வண்டியிற் செல்வோர் படும் சுகதுக்கங்களில் அதற்குரிய பங்கு சிறிதன்று. இதனை எனக்கு முதன்முதல் உணர்த்தியவர் ஒரு பொறியியலாளருமல்லர், ஒரு நூலாசிரியருமல்லர். கொழுந்து கொய்து கை கறுத்த ஒரு மூதாட்டியார்.

இற்றைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. டிக்கோயாப் பகுதியில் ஒரு தோட்டத்திலே யான் பணியாற்றிய காலம். அடைமழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவு, மேற்பிரிவு லயத்திலிருந்து ஓர் இளம்பெண்ணைப் பிரசவத்துக்காக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. அந்நேரத்திற் கிடைத்த வண்டி கொழுந்து லொறி ஒன்றே. பகலெல்லாம் கொழுந்து சுமந்த அதன் தட்டிலே சாக்குகளை விரித்து, அப்பெண்ணை மாமியாரின் மார்பிற் சாய்த்து அமர்த்தினோம். விளக்குப் பிடிப்பதற்காக யானும் உடன் ஏறினேன். சாரதி நல்லவர், ஆமை நடையாகவே ஓட்டினார். இருந்தும் ஒவ்வொரு பள்ளத்திலும் லொறி எங்களைத் தூக்கி எறிந்தது. பெண் பல்லைக் கடித்துக்கொண்டு ஒலியின்றி அழுதாள். ஐந்து கட்டை தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேற் சென்றது. நடுவழியில் அந்த மாமியார் என்னை நோக்கி, “ஐயா, கொழுந்தோட வர்றப்ப இந்த லொறி இப்படித் தூக்கிப் போடாதுங்களே. நாங்க எத்தனை தரம் கொழுந்து மேல உக்காந்து வந்திருக்கோம். இன்னிக்கு ஏன் இப்படித் தூக்கிப் போடுது?” என்று கேட்டார்.

யான் விடை கூறவில்லை. பாதை கெட்டுக் கிடக்கிறது என்று ஏதோ முணுமுணுத்தேன். அதே பாதையில் அதே லொறி கொழுந்தோடு வரும்போது குலுக்கவில்லை என்பதன்றோ அவர் கேள்வி! இறையருளால் தாயும் சேயும் நலமடைந்தனர். ஆனால் அக்கேள்வி என்னை விட்டகலவில்லை. அத்தோட்டத்து வண்டிகளின் பொறுப்பு என்னிடமே இருந்தது. கல்லூரியிலே பௌதிகம் கற்றவன் யான். ஒரு மூதாட்டியார் தம் உடலால் அறிந்ததை யான் ஏட்டால் அறிந்தும் உணராதிருந்தேன் என்பதே என் நாணத்துக்குக் காரணம். அன்று சொல்லாத விடையை இன்று இக்கட்டுரையிற் சொல்ல முயல்கின்றேன்.

எமது பௌதிக ஆய்வுகூடத்தில் விற்சுருளிலே படிகளைத் தொங்கவிட்டு அளவெடுத்தமை பழைய மாணவர் பலருக்கும் நினைவிருக்கும். மோட்டார் வண்டியும் அத்தகைய ஒரு விற்சுருட் பொறியே. கராஜிலே ‘ஸ்பிரிங்’ என வழங்கும் வில்லை நடுவணாக வைத்து நோக்கினால் வண்டியின் பாரம் இரு கூறாகப் பிரியும். உடற்கூடு, இயந்திரம், ஆசனங்கள், பிரயாணிகள், பொதிகள் ஆகியன வில்லின் மேலே தங்கியிருப்பவை. இவற்றை மேற்பாரம் என்போம். ரயர், றிம், தடுப்புக் கருவி, சக்கரத்தைத் தாங்கும் குடம், அச்சு என்பன வில்லின் கீழே, பாதையோடு ஒட்டிக் கிடப்பவை. இவற்றைக் கீழ்ப்பாரம் என்போம். ஒரு சிறு கார் 800 கிலோ நிறையுடையதாயின், சக்கரம் ஒன்றுக்கு 200 கிலோ வரும். அதில் ஏறத்தாழ 30 கிலோ கீழ்ப்பாரம். எஞ்சிய 170 கிலோ மேற்பாரம். மேற்பாரம் கீழ்ப்பாரத்தின் ஐந்தரை மடங்குக்கும் சற்று அதிகம். இவ்விகிதமே யான் கூறப்போகும் யாவற்றுக்கும் அடிப்படை.

வில்லே இல்லாத வண்டியில் எல்லாம் கீழ்ப்பாரமே. புகைவண்டி 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேருமுன், மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புக்குச் சுமந்தவை மாட்டு வண்டிகள். இரும்புப் பட்டை அடித்த அச்சக்கரங்கள் கடுகண்ணாவைக் கணவாயில் ஒரு கல்லின்மேல் ஏறினால், கல் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் வண்டியும் அதிலிருப்பவனும் ஏறி விழவேண்டும். இவ்விடருக்கு மருந்தாக வந்தவை இரண்டு. ஒன்று வில், மற்றொன்று காற்றடைத்த ரயர். தொம்சன் என்பார் காற்று ரயருக்கு 1845இல் உரிமை பெற்றாராயினும், அதனை உலக வழக்கிற் கொணர்ந்தவர் பெல்பாஸ்ற் நகரிலே மிருக வைத்தியராக விளங்கிய டன்லப் ஆவர். தம் மைந்தனின் முச்சக்கர மிதிவண்டி குலுங்குவது கண்டு அவர் செய்த அதற்கு 1888இல் உரிமை பெற்றார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னரே, 1876இல், றப்பர்க் கன்றுகள் எமது நாட்டின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டிருந்தன. பின்னாளில் உலகத்தின் ரயர்களுக்கு எமது மண்ணும் பால் கொடுத்தது.

இனி, காரின் சக்கரம் ஒரு மேட்டைச் சந்திக்கும்போது நிகழ்வதை நோக்குவோம். ரயர் சிறிது நசுங்கும், பின் சக்கரம் மேலெழும், வில் சுருங்கும். சக்கரம் இலேசாயின், மேட்டின் வடிவைப் பின்பற்றி ஏறி, உடனே இறங்கிவிடும். மேலிருக்கும் பெரும்பாரம் தன் சடத்துவத்தால் அசையாது நிற்க, கீழே சக்கரம் மட்டும் ஆடிக்கொண்டு போகும். பிரயாணி யாதும் உணரார். சக்கரம் பாரமாயின், மேலெழுந்தபோது பெற்ற வேகத்தை எளிதில் விடமாட்டாது. மேட்டின் உயரத்தையும் தாண்டி எழும். வில்லை மேலும் அழுத்தும். அவ்வழுத்தம் உடற்கூட்டுக்கும் அதன்வழி எம் முதுகெலும்புக்கும் ஏறும். இறங்கும்போதோ பாதையிலே மோதி மீண்டும் துள்ளும். கீழ்ப்பாரத்தின் இத்துள்ளலை அடக்க வேண்டுமானால், சொக் எனப்படும் அதிர்வடக்கியை இறுக்கமாக அமைத்தல் வேண்டும். இறுக்கமான அதிர்வடக்கி துள்ளலை அடக்குவதோடு சிறு கற்களின் இடியையும் மேலே கடத்திவிடும். ஆகவே பாரச் சக்கரம் பூட்டியவர் துள்ளலை ஏற்பதா, இடியை ஏற்பதா என்ற இரண்டினுள் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும்.

கணக்கிலே விருப்பமுள்ள தம்பிமாருக்கு மற்றுமொன்று கூறுவேன். சக்கரம் தன்னியல்பாகத் துள்ளும் வேகம் காரிலே வினாடிக்குப் பத்து முதற் பதினைந்து தடவை வரையாகும். அவ்வேகம் பாரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாக மாறும். கணக்கு எளிதாகும் பொருட்டு, 36 கிலோ கீழ்ப்பாரம் 49 கிலோ ஆயிற்று என்று கொள்வோம். வர்க்கமூலங்கள் 6, 7. எனவே வினாடிக்கு 14 தடவை துள்ளிய சக்கரம் 12 தடவையே துள்ளும். குறைவது நன்றன்றோ எனின், அன்று. அமர்ந்திருக்கும் மனித உடல் செங்குத்தான அதிர்வுகளுள் மிகவும் வருந்துவது வினாடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வுகளுக்கே என்பது ஆய்ந்து நிறுவப்பட்ட முடிபு. வயிற்றின் உள்ளுறுப்புகளும் மார்பும் ஒருங்கே குலுங்கும் எல்லை அதுவே. சக்கரம் பாரமாக ஆக, அதன் துள்ளல் அவ்வெல்லையை நோக்கி இறங்கி வருகின்றது.

இப்பொழுது மூதாட்டியாரின் கேள்விக்கு விடை கூறலாம். நடுத்தர லொறி ஒன்றின் பின்னச்சும், அதில் இரட்டை இரட்டையாகப் பூட்டிய நான்கு சக்கரங்களும் சேர்ந்து அரைத் தொன் நிறையெனக் கொள்வோம். தட்டு நிறையப் பாரம் ஏற்றியபொழுது பின் வில்லின்மேல் நான்கு தொன் தங்குகிறது. மேற்பாரம் கீழ்ப்பாரத்தின் எட்டு மடங்கு. பாரத்தை இறக்கி, ஒரு பெண்ணையும் அவள் மாமியாரையும் ஏற்றினால் மேலே ஒரு தொன்னே எஞ்சுகிறது. எட்டு மடங்கு இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. கீழே சக்கரங்களும் அச்சும் அதே பாரம். அவை கொடுக்கும் அடியும் அதே அடி. அதனைத் தாங்க மேலே இருப்பதோ நாலிலொரு பங்கு.

அதனோடு நின்றதா? அந்த வில் நான்கு தொன்னைச் சுமக்கவென்று அமைத்த தடித்த தகட்டு வில். நிறைபாரத்தோடு வினாடிக்கு இரண்டு முறை அசையும் உடற்கூடு, பாரம் நாலிலொன்றாகும்போது வினாடிக்கு நான்கு முறை அசையும்; நான்கின் வர்க்கமூலம் இரண்டன்றோ! முன்னர்க் கூறிய, மனித உடல் மிக வருந்தும் எல்லையின் வாயிலில் லொறி சரியாக வந்து நிற்கிறது. மேலும், தகட்டு வில்லின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்பவை. மலைநாட்டு மழையிற் கறள் ஏறிய தகடுகள் பெரும்பாரத்தின் கீழ் வழுக்கினாலும், சிறுபாரத்தின் கீழ் ஒட்டிக்கொண்டு அசையவே மாட்டா. அசையாத வில் இருந்தும் இல்லாததே. அந்த இரவிலே நாங்கள் ஏறிச் சென்றது மோட்டார் லொறி அன்று. கடுகண்ணாவையின் பழைய மாட்டு வண்டியே. கொழுந்து சுகமாக வந்தது. கர்ப்பிணி வருந்திச் சென்றாள். தோட்டத்து லொறியின் வில்லும் சக்கரமும் சரக்குக்காக அமைந்தவை. மனிதருக்காக அமைந்தவை அல்ல. மூதாட்டியார் கேட்ட கேள்வியின் முழுப்பொருள் இதுதான்.

சக்கரத்தைப் பாரமாக்கும் வழக்கம் இன்று லொறியோடு நிற்கவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை பெரும்பாலும் தடைப்பட்டிருந்தமையால், இருந்த கார்களையே புதுக்கி ஓடும் நிலை எமக்கு உண்டாயிற்று. பழைய காருக்குப் புதுப்பொலிவு தர எளிய வழி பெரிய அலோய் றிம் பூட்டுதல் என்று இளைஞர் கருதினர். ஹற்றனிலும் நுவரெலியாவிலும், 13 அங்குலச் சக்கரத்தோடு பிறந்த சிறு கார்கள் 16 அங்குல றிம்மிலே ஏறி நிற்கக் காணலாம். அலோய் என்றாலே இலேசு என்பது அவர்தம் நம்பிக்கை. அளவும் வடிவும் ஒத்த இரண்டனுள் நன்கு அமைத்த அலோய் இரும்பினும் இலேசாதல் உண்மையே. ஆனால் மலிவாக வார்த்த 16 அங்குல அலோய், 13 அங்குல இரும்புச் சக்கரத்தினும் பாரமாயிருத்தல் மிகவும் வழக்கம்.

எனக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் நானுஓயாப் புகைவண்டி நிலையத்திலிருந்து உல்லாசப் பிரயாணிகளை ஏற்றி இறக்குபவர். தம் காருக்குப் பெரிய றிம் பூட்டிய பின் பிரயாணிகள் முகஞ் சுளிப்பதாகவும், சொக்கிலே பிழை இருக்கலாமென்றும் கூறி என்னிடம் வந்தார். அவரையும் அவர் சக்கரங்களையும் கொழுந்து மடுவத்துக்கு அழைத்துச் சென்று, பழைய சக்கரமொன்றையும் புதிய சக்கரமொன்றையும் ரயரோடு கொழுந்து நிறுக்கும் தராசிலே மாட்டினேன். புதியது ஏறத்தாழ ஐந்து கிலோ அதிகம் நின்றது. முன்னர்க் கூறிய விகிதத்தை எண்ணிப் பார்க்க: ஐந்தரை மடங்குக்கு மேலிருந்தது, ஐந்து மடங்குக்கும் கீழே இறங்குகிறது. அதனோடு, றிம் பெருத்ததால் ரயரின் பக்கச் சுவர் ஒடுங்கிவிட்டது. காற்றடைத்த அச்சுவரே முதலாவது மெத்தை. மெத்தையைக் குறைத்துச் சம்மட்டியைப் பெரிதாக்கியவாறாயிற்று. அவர் பழைய சக்கரங்களையே மீண்டும் பூட்டினார். சில நாளின் பின் சந்தித்தபோது, அக்காரில் ஏற மறுத்திருந்த தம் தாயார் தலவாக்கலையிலிருந்து நுவரெலியா வரை உறங்கிக்கொண்டே வந்ததாகக் கூறினார். சொக்கிலே பிழை யாதுமில்லை.

நுவரெலியாவின் ஏப்ரல் விழாக் காலத்தில் மகஹஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைக் கண்டு களிக்கும் இளைஞரே பெரிய றிம்முக்கும் ஆசைப்படுகின்றனர். பந்தய வண்டி அமைப்போர் சக்கரத்தைத் தெரிவது தோற்றம் நோக்கியன்று. ஒவ்வொரு கிலோவையும் குறைப்பதே அவர் நோக்கம். ஏனெனில் துள்ளும் சக்கரம் பாதையை விட்டு நீங்கிய கணத்தில், அதற்குப் பிடியுமில்லை, தடுப்புமில்லை, திருப்பமுமில்லை. றம்பொடைச் சரிவின் வளைவிலே குண்டுங் குழியுமான இடத்தில் தடுப்பை மிதிக்கும் சாதாரண சாரதிக்கும் இது பொருந்தும். சுகத்தைக் கெடுக்கும் அதே பாரம் காவலையும் கெடுக்கின்றது.

மேனாட்டுப் பொறியியலாளர் இதனை நெடுநாளாக அறிவர். 1890களிலேயே டி டியோன் நிறுவனத்தார், பாரமான பற்சில்லுப் பெட்டியை அச்சிலிருந்து கழற்றி உடற்சட்டத்திலே பூட்டி, கீழ்ப்பாரத்தை மேற்பாரமாக்கும் வழியைக் கண்டனர். பிரான்சிலே சித்ரோன் நிறுவனம் 1948இல் வெளியிட்ட சிறு கார், கூடை நிறைந்த முட்டைகளை உழுத வயலினூடே ஒன்றும் உடையாமற் கொண்டு செல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு குடியானவர்களுக்கென அமைக்கப்பட்டதாகும். அதன் முன் தடுப்புகளைச் சக்கரத்திலிருந்து அகற்றி உள்ளே அமைத்தனர். சக்கரத்தின் துள்ளலை அடக்க அதனுள்ளேயே எதிர்த்தசையும் ஒரு சிறு நிறையையும் வைத்தனர். முட்டைக்குக் காட்டிய பரிவைக் கர்ப்பிணிக்குக் காட்டலாகாதா? இதற்கு மாறாக, 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலே போர்ஷே என்பார் சக்கரக் குடத்துள்ளேயே மின்மோட்டார் வைத்த வண்டியைக் காட்டினார். விந்தையான வண்டிதான், ஆனால் சக்கரம் மிகப் பாரமாயிற்று. இன்று ஓடும் மின்சாரக் கார்களிற் பெரும்பாலானவை மோட்டாரைச் சக்கரத்தில் வையாது உடற்சட்டத்திலே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுத்துரைப்போர் கூற்றையும் புறக்கணித்தல் முறையன்று. பாரமான கார் சுகமாகச் செல்கிறதே என்பர். மெய்யே, அதன் மேற்பாரம் பெரிது, விகிதம் நன்று. அதனாலேயே நால்வர் ஏறிய கார் ஒருவர் ஏறிய காரினும் அமைதியாகச் செல்லும். சக்கரம் சிறுக்கச் சிறுக்கச் சுகம் பெருகுமோ என்பர். அதுவும் ஓரளவுக்கே. 1948இல் மொறிஸ் மைனரை அமைத்த இசிகோனிஸ், 1959இல் மினியைப் பத்து அங்குலச் சக்கரத்தோடு அமைத்தார். சக்கரம் இலேசுதான், ஆயினும் பெரிய சக்கரம் தாண்டிச் செல்லும் பள்ளத்தில் சிறிய சக்கரம் இறங்கி ஏறவேண்டும். எமது மேடுபள்ளத்தில் மினியிற் சென்றவர் அதனை மறந்திரார். எனவே வண்டியை அமைத்தோர் விதித்த விட்டத்தை மாற்றாது, அவ்விட்டத்துள் றிம்மைச் சிறிதாகவும் ரயரை உயரமாகவும் வைப்பதே தகுதி. இனி, பாதை செவ்வனே இருந்தால் சக்கரத்தின் பாரம் ஒரு பொருட்டோ என்பர். செப்பமிட்ட நெடுஞ்சாலையில் அது பெரும் பொருட்டன்று என்பதை ஒப்புகின்றேன்.

ஆனால் மலைநாட்டின் தோட்டப் பாதைகள் அத்தகையனவோ? பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளில் தாராளமாகப் பணி செய்வதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடை 2018இலேதான் திருத்தப்பட்டது. 2025 நவம்பரில் வீசிய டித்வாப் புயலின் பெருமழை மலைநாட்டு வீதிகளை மீண்டும் அரித்துச் சென்றது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் நோயாளர் வண்டிச் சேவை 2016இல் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவிற்று. போற்றத்தக்க பணி அது. இருப்பினும் நெடுஞ்சாலையிலிருந்து லயம் வரையான கடைசிச் சில கட்டை தூரம் பல இடங்களில் இன்னும் கல்லும் சேறுமே. அத்தூரத்தை நோயாளி எதில் ஏறிக் கடக்கிறார் என்பதே என் கவலை. பாதைகள் சீர்ப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. அவை சீர்ப்படும் வரை நோயாளி காத்திருக்க முடியாதே! ஒரு பாதையைச் செப்பமிடப் பல ஆண்டும் பெரும்பொருளும் வேண்டும். வண்டியின் கீழ்ப்பாரத்தைக் கருத அரைநாளும் சிறிது அறிவும் போதும்.

ஆதலின் என் கருத்தைத் திறந்து கூறுவேன். சரக்கு லொறியின் தட்டிலே நோயாளியை ஏற்றுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும் நிகழத்தக்கது. சரக்கு லொறிக்கு வெள்ளை வர்ணம் பூசிச் சிலுவைக்குறி இட்டதால் அது நோயாளர் வண்டி ஆகிவிடாது. தோட்டந்தோறும், அல்லது அயலிலுள்ள சில தோட்டங்கள் கூடியாயினும், மென்மையான வில்லும் தனித்தனியே அசையும் முன்சக்கரங்களும் உடைய சிறு வான் ஒன்றை இப்பணிக்கென வைத்தல் வேண்டும். அதன் சக்கரத்தையும் ரயரையும் அமைத்தோர் விதித்த அளவிலிருந்து மாற்றலாகாது. விதித்ததற்கு மேற்பட்ட காற்றும் அடைத்தலாகாது.

லொறியே கதி என்றாகும் இரவுகளுக்கும் சில வழிகளுண்டு. மணல் மூட்டைகளைத் தட்டிலே அசையாதவாறு கட்டி ஏற்றுக. மேற்பாரம் கூட, விகிதம் சீர்ப்படும். நோயாளியைப் பின்னச்சுக்கு மேலோ அதற்குப் பின்னோ ஒருபோதும் வையாது, இரு அச்சுகளுக்கும் இடையே, தட்டின் முன்புறத்தில் வைக்க; ஏற்றப்பலகையின் நடுவிலிருப்பவன் நுனியிலிருப்பவனைப் போல ஆடுவதில்லை. தகட்டு வில்லைக் காலந்தவறாது கழுவி, கறள் நீக்கி வைக்க. அசையும் வில்லே வில். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கோருவதன்று. அன்றிரவு தொழிற்சாலை வாயிலில் மணல் குவிந்து கிடந்தது. கொழுந்துச் சாக்குகளும் கிடந்தன. எனக்குத் தோன்றவில்லை.

பழைய மாணவருள் தோட்டங்களின் நிர்வாகத்திலும் வைத்தியத் துறையிலும் வீதிப் பணியிலும் பொறுப்பு வகிப்போர் உளர். இக்கட்டுரை அவர் கண்ணிற் படுமாயின், தம் எல்லையிலுள்ள நோயாளர் வண்டியின் பின்தட்டிலே ஒருமுறை தாமே அமர்ந்து சென்று பார்க்குமாறு அவர்களை வேண்டுகின்றேன். அதனினும் சிறந்த பரிசோதனை பிறிதில்லை.

மாணவத் தம்பிமார் வேறொரு பரிசோதனை செய்யலாம். கையிலே தடித்த றப்பர்ப் பட்டி ஒன்றைப் பிடித்து, அதில் ஒரு சிறு படியைத் தூக்குக. அப்படியின் கீழே மெல்லிய விற்சுருளையும், அதன் நுனியிலே பெரும்படி ஒன்றையும் தூக்குக. கையே பாதை, றப்பரே ரயர், சிறுபடி சக்கரம், பெரும்படி வண்டியும் பிரயாணியும். தலைகீழாகத் தொங்கும் மோட்டார் வண்டி அது. கையை மெல்ல அசையாது, வெடுக்கென அசைத்துக் காண்க. பெரும்படி ஏறக்குறைய அசையாது நிற்கும். பின்னர்ப் பெரும்படியைக் குறைத்து, சிறுபடியைக் கூட்டி, மீண்டும் அசைக்க. கீழே தொங்கும் படி துள்ளுவதைக் காண்பீர். அத்துள்ளும் படியைக் காணும்போது அதனை வெறும் பித்தளையென்று எண்ணாது, லொறித் தட்டிலே பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு தாயை எண்ணுவீராயின், நீங்கள் கற்ற பௌதிகம் பயன் தந்ததாகும்.

யான் பரீட்சைக்காகக் கற்ற பாடத்தைப் பயனுக்காகக் கற்க ஒரு மூதாட்டியாரின் கேள்வி வேண்டியிருந்தது. அவருக்கு எழுத்தறிவு இல்லை; இம்மலரை அவர் படித்திருக்கவும் இயலாது. விடை அறிந்து யான் அவர் லயத்தைத் தேடிச் சென்றபோது அவர் இவ்வுலகில் இல்லை. ஆகவே கடன்பட்ட அவ்விடையை என்னைக் கற்பித்த கல்லூரியின் திருமுன் வைக்கின்றேன். கேள்வி கேட்போர் எவராயினும் செவி சாய்க்கும் மாணவர் பரம்பரை எமது கல்லூரியிலே நீடு தழைப்பதாக!